மேட்டுக்குப்பத்தின் பூட்டிய அறை

சமயப் பெரியோர் ஒருவர் மறைந்ததும் அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் உரிமைக்குப் போட்டி தொடங்கிவிடுகிறது. வட நாட்டில் மகஹர் என்னும் ஊரில் கபீர்தாசருக்கு இந்துக்கள் எழுப்பிய சமாதியும் முஸ்லிம்கள் எழுப்பிய அடக்கத்தலமும் அடுத்தடுத்து நிற்கின்றன. நம் காஞ்சிபுரத்தை எடுத்துக்கொண்டாலோ, ஆதிசங்கரர் இங்கேயே சித்தியடைந்தார் என்பது காஞ்சி மடத்தாரின் மரபு; கேதாரநாத்தில் என்பர் வேறு மடத்தார்; திருச்சூரில் என்பர் கேரளத்தார். இவையெல்லாம் பல நூற்றாண்டுப் பழமையுடையவை, சான்றுகள் அழிந்துபோயின, ஆகவே வழக்கு தீரவில்லை என்று நாம் அமைதி கொள்ளலாம். ஆனால் அச்சுக்கூடமும் அஞ்சலும் இரயிலும் கலெக்டர் கச்சேரியும் நன்கு நிலைபெற்றுவிட்ட 1874ஆம் ஆண்டில் மறைந்த ஒருவரைப் பற்றியும் இதே வழக்கு இன்றுவரை நடைபெறுகிறது. அவர்தாம் வடலூர் இராமலிங்க அடிகளார். வள்ளலார் என்ற பெயராலேயே அவரை நாடு அறியும்.

வடலூர் இன்று கடலூர் மாவட்டத்தில் உள்ளது. அக்காலத்தில் அது தென்னார்க்காடு. அடிகளார் வாழ்ந்த கருங்குழியும் வடலூரை அடுத்ததே. உத்திரமேரூர், மானாம்பதிப் பக்கத்தார் கருங்குழி என்றவுடன் மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியை நினைத்துக்கொள்வது இயல்பு. ஊர்ப்பெயர் ஒன்றே அன்றி இரண்டிற்கும் தொடர்பில்லை. ஆயினும் அடிகளார்க்கும் நம் பக்கத்துக்கும் ஓர் உறவு உண்டு. இளமையில் அவர் பாடம் கேட்க அனுப்பப்பட்ட ஆசிரியர் காஞ்சிபுரம் மகாவித்துவான் சபாபதி முதலியார் ஆவார்.

அடிகளார் 5-10-1823 அன்று சிதம்பரத்தை அடுத்த மருதூரில் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாம் மகவாகப் பிறந்தார். தந்தையை மிக இளமையிலேயே இழந்து, சென்னையில் தமையனார் சபாபதிப் பிள்ளையின் ஆதரவில் வளர்ந்தார். கந்தகோட்டத்து முருகனையும் திருவொற்றியூர்ச் சிவனையும் பாடினார். இந்தப் பகுதியில் எவர்க்கும் பெரிய வழக்கில்லை. சைவக் குடும்பத்துப் பிள்ளை, சைவப் பாடல்கள் பாடினார், அவ்வளவே. சென்னையை விட்டுத் தெற்கே சென்று கருங்குழியில் தங்கிய பிறகுதான் அவர் வாழ்க்கை பலர் பிடித்து இழுக்கும் கயிறாக மாறுகிறது.

1865இல் அவர் ஒரு சங்கத்தை நிறுவினார். 23-5-1867 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, சாதி கேளாது பசித்தவர் அனைவர்க்கும் சோறிடச் செய்தார். அதற்கு முந்திய ஆண்டு சென்னை மாகாணத்தின் பல பகுதிகளை வாட்டிய பஞ்ச ஆண்டு என்பதை மறத்தலாகாது. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகின்றது. அதே 1867இல் அவருடைய பாடல்கள் 'திருவருட்பா' என்ற பெயரில் முதன்முதலாக நூலாக வெளிவந்தன. பதிப்பித்தவர் அவர்தம் தலைமாணாக்கர் தொழுவூர் வேலாயுத முதலியார். பாடல்களை வெளியிடுவதில் அடிகளார்க்கு விருப்பமே இல்லை. அன்பர்கள் மிகவும் வருந்தி வேண்டி இசைவு பெற்றனர். இசைந்தபோதும், தம் பெயரை 'இராமலிங்கசாமி' என்று அச்சிடுவது ஆரவாரமாகும், அவ்வாறு செய்யற்க என்று கடிதம் எழுதியுள்ளார். அவர் 'சாமி' என்பதையே வேண்டாம் என்றார். முதலியாரோ 'திருவருட்பிரகாச வள்ளலார்' என்று நூலின் முகப்பில் அச்சிட்டார். குருவுக்குச் சீடர் இழைத்த அன்புக் குற்றம் என்றே அதனைச் சொல்லத் தோன்றுகிறது. ஏனெனில் பின்னால் எழுந்த புயலுக்கு வித்து அந்த முகப்புப் பக்கமே.

முதலியார் பாடல்களை ஆறு 'திருமுறை'களாக வகுத்து, முதல் நான்கினை அவ்வாண்டில் வெளியிட்டார். சைவர்க்குத் திருமுறை என்றால் பன்னிரண்டு. அருட்பா என்றால் நாயன்மார் அருளியவை. தம் காலத்தில் வாழும் ஒரு மனிதரின் பாட்டுக்கு இவ்விரு பெயர்களையும் சூட்டி, கோயில் விழாக்களில் தேவாரத்துக்குப் பதிலாக அதனைப் பாடத் தலைப்பட்டதும் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் வெகுண்டெழுந்தார். நாவலர் சாதாரணமானவர் அல்லர். தமிழ் நூல்களைப் பிழையின்றி அச்சேற்றியதிலும் சைவப் பள்ளிகள் நிறுவியதிலும் அவர்க்கு இணை சிலரே. 1869இல் 'போலியருட்பா மறுப்பு' என்னும் கண்டன நூல் வெளிவந்தது. இவை அருட்பா அல்ல, மருட்பா என்பது அவர் கட்சி. பாட்டு நன்றா தீதா என்பதன்று அவர் எழுப்பிய வினா. இறைவன் இக்காலத்தில், ஒரு கணக்கர் குடும்பத்து மகன் வாயிலாக, மீண்டும் பேசுவானா என்பதே அதன் உட்கிடை. உலகில் எந்தச் சமயத்திலும் புதிய அருளாளர் ஒருவர் தோன்றுகையில் பழைய நூலைக் காப்பவர்கள் கேட்கும் வினா இதுவே. நாவலர் சார்பில் இவ்வளவேனும் சொல்லாமல், அவரைப் பொறாமைக்காரராகக் காட்டும் மேடைப் பேச்சு முறையானதன்று.

அவ்வாண்டிலேயே மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் நாவலர் தொடுத்த வழக்கு ஒன்று நடந்தது. இதனைப் பற்றி நாட்டில் வழங்கும் கதை அனைவரும் அறிந்ததே: அடிகளார் நீதிமன்றத்தில் நுழைந்ததும் நாவலரே தம்மை மறந்து எழுந்து நின்றாராம், எதிராளியே எழுந்து வணங்கும் பெரியவர் மீது வழக்கா என்று நீதிபதி தள்ளிவிட்டாராம். கேட்க இனிய கதை. ஆனால் அருட்பாவா மருட்பாவா என்று எந்த நீதிபதியும் விசாரிக்கவில்லை. சிதம்பரத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் தம்மை இழிவாகப் பேசினர் என்பதே நாவலரின் முறையீடு. தீட்சிதர் ஒருவர்க்கு அபராதம் விதிக்கப்பட்டது, அடிகளார் விடுவிக்கப்பட்டார். இருவரும் உயிரோடிருக்கும்போதே நடந்த ஒரு மானநட்ட வழக்கு, ஓரிரு தலைமுறைக்குள் தெய்வத் தீர்ப்பாக மாறிவிட்டது. இதனை மனத்தில் இருத்திக்கொண்டே மேட்டுக்குப்பத்துச் செய்திக்குச் செல்ல வேண்டும்.

1870 முதல் அடிகளார் வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்தில் 'சித்திவளாகம்' என்று தாம் பெயரிட்ட சிறு மாளிகையில் தங்கினார். 25-1-1872 தைப்பூச நாளில் வடலூரில் எண்கோண வடிவில் அமைந்த சத்திய ஞானசபையில் வழிபாடு தொடங்கியது. அங்கே உருவம் இல்லை. ஏழு திரைகளுக்கு அப்பால் ஒளி மட்டுமே. 22-10-1873 அன்று சித்திவளாகத்தில் சன்மார்க்கக் கொடி ஏற்றிப் பேருரை ஒன்று ஆற்றினார். கேட்டோர் எழுதி வைத்தபடி, முன்பு தமக்கே சைவத்தின்மேல் அளவிறந்த பற்று இருந்ததென்றும், அப்பற்று இப்போது அகன்றுவிட்டதென்றும் அதில் அவர் கூறினார். சில நாள் சென்று, தம் அறையிலிருந்த விளக்கை எடுத்து வெளியே வைத்து, இதனை வழிபடுங்கள் என்றார். 30-1-1874, வெள்ளிக்கிழமை இரவு, அறைக்குள் சென்று கதவைச் சார்த்திக்கொண்டார். வெளியே பூட்டப்பட்டது. அதன்பின் அவரை எவரும் காணவில்லை.

இனிச் சான்றுகளைக் காண்போம். உத்திரமேரூரில் நமக்குக் கல்வெட்டுகள் உள்ளன. பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், ஊர்ச்சபை உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்க வகுத்த விதிகளை இன்றும் நாம் கல்லிலே படிக்கலாம். ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முந்திய செய்தி இவ்வளவு உறுதியாய்க் கிடைக்க, நூற்றைம்பது ஆண்டுக்கு முந்திய செய்தி மூன்று வாய்களில் மூன்று விதமாகக் கிடைக்கிறது.

முதலாவது, அன்பர் மரபு. அடிகளார் மறைந்து சில மாதங்களில் அரசாங்கத்துக்குச் செய்தி எட்டியது, ஆங்கிலேய அதிகாரிகள் வந்து அறையைத் திறக்கச் செய்தனர், உள்ளே ஒன்றுமில்லை, அவர்கள் வியந்து, ஏழைகளுக்கு உணவிடப் பணமும் தந்து சென்றனர் என்பது அது.

இரண்டாவது, தொழுவூர் வேலாயுத முதலியார் 1882இல் பிரம்மஞான சபையாருக்கு அளித்த வாக்குமூலம். அவர் சென்னை மாநிலக் கல்லூரித் தமிழ்ப் பண்டிதர். அடிகளாரோடு பல்லாண்டு பழகியவர். அவர் கூற்றின்படி, கதவு பூட்டப்பட்டு இருந்த ஒரே திறப்பும் சுவரெழுப்பி அடைக்கப்பட்டது. ஓராண்டு கழித்துத் திறந்து பார்த்தபோது அறை வெறுமையாய் இருந்தது. ஒருநாள் மீண்டும் தோன்றுவதாகவும், அதுவரை இந்தியாவில் மட்டுமன்றி ஐரோப்பா, அமெரிக்கா முதலிய நாடுகளிலும் செயல்புரிவதாகவும் குருநாதர் சொல்லிச் சென்றார்.

மூன்றாவது, 1906இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட விவரச் சுவடி. அதனைத் தொகுத்தவர் பிரான்சிஸ் என்ற ஆங்கில அதிகாரி. சிறிது காலம் திறவற்க என்று சீடர்க்குச் சொல்லி அறைக்குள் போனார், பிறகு காணப்படவில்லை, அறை இன்னும் பூட்டியே கிடக்கிறது என்று அவர் எழுதினார். இறைவனோடு ஒன்றிவிட்டார், காலம் கனிந்ததும் தோன்றுவார் என்பது நம்பிக்கையுள்ளோர் கொள்கை என்றும் குறித்தார்.

சில மாதத்தில் திறந்தனரா, ஓராண்டு கழித்தா, முப்பத்திரண்டு ஆண்டு கழித்தும் திறக்கவே இல்லையா? திறந்து பார்த்துப் பின் மீண்டும் பூட்டியிருக்கலாம், பிரான்சிஸ் பூட்டைக் கண்டு அவ்வாறு எழுதியிருக்கலாம் என்று மூன்றையும் ஒருவாறு இணைத்துவிட முடியும். ஆனால் அவ்விணைப்பு நம்முடையது, சான்றில் உள்ளதன்று. மேலும் ஒன்று. தாம் பத்துப் பதினைந்து நாள் உள்ளே இருக்கப் போவதாகவும், யாரேனும் திறந்து பார்த்தாலும் வெறும் வீடாகவே தோன்றும்படி ஆண்டவர் செய்வார் என்றும் அடிகளார் முன்னரே அறிவித்ததாக ஓர் ஆவணம் அன்பர்களிடையே போற்றப்படுகிறது. அதனை ஏற்பவர்க்கு வெறும் அறையே நிறைந்த சான்று. ஐயுறுவோர்க்கோ, எப்படிப் பார்த்தாலும் பொய்யாக முடியாத கூற்று சான்றாகாது. ஒரே அறை, உள்ளே போகுமுன் எதை நம்பினாரோ அதையே ஒவ்வொருவரும் அதற்குள் கண்டு வந்தனர்.

சன்மார்க்க அன்பர்க்கு அது மரணமே அன்று. ஊன் உடம்பு ஒளியுடம்பாகி அருட்பெருஞ்ஜோதியில் கலந்தது. சாவை வெல்லலாம் என்று அவர் பாடியதைத் தம்மிலேயே காட்டினார். சைவருள் அவரைப் பிற்காலத்தில் போற்றத் தொடங்கியவர்கள், மாணிக்கவாசகர் தில்லையில் கலந்ததற்கும் சம்பந்தர் நல்லூர்ப் பெருமணத்தில் சோதியுள் புகுந்ததற்கும் ஒப்பாக இதனைக் கொண்டனர். அதாவது, மறுத்த மரபே அவரைத் தன் வரிசையில் ஐந்தாமவராக அமர்த்திக்கொள்ள முன்வந்தது. பிரம்மஞான சபையார்க்கோ அவர் தங்கள் இயக்கத்துக்குக் கட்டியம் கூறியவர். அவர் மறைந்த மறு ஆண்டே, 1875இல், அமெரிக்காவில் தம் சபை தோன்றியது அவர்க்குப் பெரும் பொருளுடையதாய்ப் பட்டது. சுயமரியாதை இயக்கத்தார் சோதியில் கலந்ததைப் பற்றிக் கவலைப்படவில்லை. சாதியையும் சாத்திரக் குப்பையையும் சாடிய பாடல்களை மட்டும் எடுத்துக்கொண்டனர். பகைவர் அவரைக் கொன்றுவிட்டனர் என்று எழுதுவோரும் பிற்காலத்தில் தோன்றினர். இக்கூற்றுக்கு அக்காலத்துச் சான்று எதையும் அவர்கள் காட்டக் காணோம். எனினும் அது எழுந்த காரணம் விளங்குகிறது: ஆசாரத்தை எதிர்த்த ஒருவர் அமைதியாக மறைந்தார் என்பது அவர்களுக்குப் பொருந்தவில்லை.

இவ்வளவு வேறுபாட்டுக்கும் அடிப்படை எங்கே என்று தேடினால் அது மீண்டும் அச்சுக்கூடத்தில்தான் போய் நிற்கிறது. முதல் நான்கு திருமுறைகள் 1867இல் வந்தன. ஐந்தாவது 1880இல், அடிகளார் மறைந்த பின் வந்தது. சாதி, சமயம், சாத்திரம் யாவற்றையும் கடந்து ஒளி வழிபாட்டையும் மரணமிலாப் பெருவாழ்வையும் பாடும் ஆறாம் திருமுறையோ 1885இல்தான் வெளிவந்தது. ஆறுமுக நாவலர் 1879இலேயே காலமானார். ஆகவே நாவலர் கண்டித்த நூலில் இந்தப் புரட்சிப் பாடல்கள் இல்லவே இல்லை! அவர் எதிர்த்தது சைவப் பாடல்களையே. சைவர் போற்றும் இராமலிங்கர் முதல் ஐந்து திருமுறையில் இருக்கிறார். சன்மார்க்கர் போற்றும் வள்ளலார் ஆறாம் திருமுறையில் இருக்கிறார். இரண்டு மனிதரைப் பற்றிப் பேசிக்கொண்டு ஒரே மனிதரைப் பற்றி வாதிடுவதாக இரு சாராரும் எண்ணினர்.

இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் போர் மீண்டும் மூண்டது. நாவலர் பக்கம் நின்று நா. கதிரைவேற் பிள்ளை மருட்பா என்றார். அருட்பாவே என்று பின்னாளில் மறைமலையடிகளான நாகை வேதாசலம் பிள்ளை மேடையேறினார். இசுலாமியப் புலவரான செய்குத்தம்பிப் பாவலரும் அருட்பாவின் பக்கம் நின்று வாதிட்டார் என்பது எண்ணி மகிழத்தக்கது. கதிரைவேற் பிள்ளையின் மாணாக்கர் திரு.வி.க. பின்னாளில் 'இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்' என்று நூலே எழுதினார். ஆசிரியர் எறிந்ததை மாணாக்கர் எடுத்துத் தலையில் சூடிய காட்சி அது. பிறகு ஆ. பாலகிருஷ்ண பிள்ளை கையெழுத்துப் படிகளைத் தேடிப் பிடித்து 1931 முதல் 1958 வரை பன்னிரு பகுதிகளாகப் பதிப்பித்தார். ஊரன் அடிகள் 1972இல் கால வரிசைப்படி பாடல்களை ஒழுங்கு செய்தார். கால வரிசையில் படித்தால், ஒரே மனிதர் கந்தகோட்டத்திலிருந்து ஞானசபை வரை நடந்து வந்த வழி தெரிகிறது. கட்சி கட்டுவோர்க்குத்தான் வழி வேண்டாம். ஏதேனும் ஓர் ஊர் மட்டும் போதும்.

இப்புலவர் போர்களில் ஒரு சாராரை எல்லாரும் மறந்துவிடுகின்றனர். 1906ஆம் ஆண்டு விவரச் சுவடியிலேயே ஒரு செய்தி உள்ளது. இறந்தோர் எழுவர் என்று அடிகளார் கற்பித்ததால், எரிப்பதினும் புதைப்பதே நன்று என்று அவர் சீடர் கொண்டனராம். எரிப்பதே வழக்கமாயுள்ள பிராமணருட்கூடச் சிலர் இந்நம்பிக்கையால் புதைக்கப்பட்டனர். வேற்றூர்களில் இறந்தவர்களையும் வடலூருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தனர். மண்டபத்தில் கடாவிடை நிகழ்த்திய பண்டிதர்க்கு அடிகளாரின் மறைவு ஒரு பொருள். தாயின் உடலையோ மகவின் உடலையோ வண்டியில் ஏற்றி, சுற்றத்தார் பேச்சையும் மீறி, பல காதம் கடந்து வடலூருக்கு வந்து புதைத்துச் சென்ற குடியானவனுக்கு அது வேறு பொருள். மேட்டுக்குப்பத்துக் கதவு திறந்து அவர் வெளிவந்தால் தன் பிள்ளையும் எழுந்து வரும் என்று அவன் காத்திருந்தான். 'கலந்தார்' என்ற சொல்லை உவமையாகக் கொள்க என்று அவனிடம் எந்தப் புலவர் சொல்லியிருப்பார்? புதைப்பது இன்றும் சன்மார்க்கக் குடும்பங்களில் கைக்கொள்ளப்படுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல, எழுவர் என்ற எதிர்பார்ப்பு ஒடுங்கி, உடலுக்குத் தீயிடலாகாது என்ற ஒழுக்கமாக அது நின்றுவிட்டது.

அடிகளாரின் முகமும் நமக்கு உறுதியில்லை. சென்னையிலிருந்து வந்த புகைப்படக்காரர் பலமுறை முயன்றும் ஆடை மட்டுமே பதிந்தது என்பர். பண்ணுருட்டிக் குயவர் ஒருவர் செய்துகொண்டுவந்த மண் உருவத்தைத் தாமே கீழே போட்டு உடைத்தார் என்றும் சொல்வர். வெள்ளாடையும் முக்காடுமாக நாம் வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது ஓவியர் நினைவிலும் கற்பனையிலும் எழுந்ததே.

உருவம் பற்றிய வழக்கு ஞானசபைக்குள்ளும் புகுந்தது. அடிகளார்க்குப் பின் சபையில் வழிபாடு நடத்திய சிவாசாரியர் மரபில் சிவலிங்க வழிபாடு அங்கே இடம்பெற்றது. சன்மார்க்க அன்பர் முறையிட்டனர். 2006இல் அறநிலையத்துறை, ஒளி வழிபாடு மட்டுமே நடைபெற வேண்டும் என்று ஆணையிட்டது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. 2010இல் நீதிமன்றமும் அவ்வாணையை நிலைநிறுத்தியது. 1872இல் சபைக்கென்று அடிகளாரே வகுத்து எழுதிய விதிகள் அங்கே கைகொடுத்தன. பிறகு 2023இல், இருநூறாம் ஆண்டு கொண்டாட்டத்தின் இடையே, அவர் சனாதன மரபின் மணிமுடியா, அதனை மறுத்தவரா என்று நாளிதழ்களில் மீண்டும் பூசல் எழுந்தது. இரு சாராரும் சான்று காட்டினர்; பாடல்களும் இரு சாரார்க்கும் போதிய அளவு கிடைத்தன.

தைப்பூசத்தன்று வடலூரில் ஏழு திரைகளையும் விலக்கி ஒளி காட்டுகின்றனர். அதன் பின் மேட்டுக்குப்பத்தில் திருவறை தரிசனம் நடைபெறுகிறது. சைவரும் சன்மார்க்கரும், எக்கட்சியும் அறியாத சிற்றூர் மக்களும் ஒரே வரிசையில் நின்று, பலகணி வழியே அந்த அறையை ஒரு கணம் நோக்கிவிட்டு, அடுத்தவர்க்கு இடம்விட்டு நகர்கின்றனர்.